என் பல்லுக்காக நீ நிற்க வேண்டாம்

டாக்டர் தம்பிக்கு, உன் அம்மா எழுதுவது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு பார்க்கலாம், பொங்கல் முடியட்டும், அமாவாசை போகட்டும் என்று நீ தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாயே, அந்தக் கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லை இன்று காலை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சிதம்பரத்தில் உன் க்ளினிக்கில் இல்லை. இங்கே கடலூரிலேயே, மஞ்சக்குப்பத்தில், ஒரு பெண் டாக்டரிடம். வாயில் பஞ்சைக் கடிக்கக் கொடுத்து அனுப்பினார். இன்று முழுக்க அதிகம் பேசக் கூடாது என்று உத்தரவு. உன் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று பாவம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பேச முடியாததால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பேஷண்ட் இருக்காங்கம்மா, அப்புறம் பேசறேன் என்று இதை நீ பாதியில் வைக்க முடியாது பார்.

பல்லைத் தூக்கிப் போடப் போனார்கள். கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் என் வாய்க்குள்ளேயே இருந்து நான் தின்ற முறுக்கையெல்லாம் அரைத்துக் கொடுத்ததன் முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கீழே இரண்டு வேர். ஒன்று நேராக இருக்கிறது, இன்னொன்று நுனியில் கொஞ்சம் வளைந்திருக்கிறது. ஏன் வளைகிறது? எலும்பில் இடம் போதவில்லையா, முளைக்கும்போதே அப்படித்தானா? நீ எடுத்த எக்ஸ்ரேயில் பெரிய ஆள் மாதிரி தெரிந்தது. அசலில் இவ்வளவுதானா என்று இருக்கிறது. இதற்கெல்லாம் நீ வந்து பதில் சொல்ல வேண்டும், அதனால் பல்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சொல்லாமல் ஏன் போனேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். அந்த அழைப்பு வந்த நாளை நினைத்துப் பார். உன் பெண்ணாடம் மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, "இன்விடேஷன் வந்துருச்சும்மா" என்றாய். மாமா காப்பியை வைத்துவிட்டு, "யாரு ஊட்டு கல்யாணம்டா?" என்று கேட்டார்.

"கல்யாணம் இல்ல மாமா. ஆஸ்திரேலியாவுக்குக் கூப்புடுறாங்க. திறமை இருக்குறவங்கள பாயிண்ட் போட்டுப் பார்த்து எடுக்குறாங்க."

"ஏன், ஒரு தட்டுல வெத்தல பாக்கு வெச்சி நேர்ல வந்து கூப்புட மாட்டாங்களாமா? மூலையில மஞ்சக்கூடத் தடவல" என்றார், உன் போனை எட்டிப் பார்த்துவிட்டு.

நீ சிரித்துக்கொண்டே விளக்கினாய். வயதுக்கு இவ்வளவு, இங்கிலீஷுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு என்று. கல்யாணம் ஆகாமல் தனியாக இருப்பதற்கும் பாயிண்ட் உண்டு என்றாய். மாமா அசந்து போய்விட்டார். "அக்கா, ஜாதகத்தைத் தூக்கிக்கிட்டு நாம ஊர் ஊரா அலைஞ்சதுக்கு இவன் பேசாம அங்கயே போயிருக்கலாம்போல. இதுக்குப் போயி பாயிண்ட் குடுக்குற ஊரும் இருக்குது பாரு!" என்றார். எனக்கு அதைவிட அந்தப் பாயிண்ட் முறைதான் பிடித்துப் போனது. யார் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்திருப்பார்கள்? வயது ஏற ஏறப் பாயிண்ட் குறையும் என்றால், அனுபவத்துக்கு என்ன மதிப்பு? அதற்குத் தனியாக உண்டு என்றாய். சரி, பொறுமைக்கு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாய். அது மட்டும் இருந்திருந்தால் எனக்கே விசா கொடுத்திருப்பார்கள்.

அழைப்பு வந்தால் இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் அழைப்பு செல்லாது என்று நீதான் சொன்னாய். அந்தக் கெடு இந்த வெள்ளிக்கிழமை முடிகிறது. அடுத்த மாதம் உன் பிறந்தநாள் வந்தால் வயதுக்கான பாயிண்ட்டும் இறங்கிவிடும். மறுபடி வரிசையில் நின்றால் கூப்பிடுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. எல்லாம் தெரிந்தும் நீ அனுப்பவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "உன் பல்லு வேலைய முடிச்சிட்டு அனுப்புறேன்மா." என் பல் வேலை என்றால் என்ன? முதலில் பிடுங்க வேண்டும், அப்புறம் எலும்பு ஆற வேண்டும், அப்புறம் எலும்பில் ஒரு திருகாணி, அதற்கு மேலே தொப்பி மாதிரி ஒரு கட்டுப்பல். முடிய எத்தனையோ மாதம் ஆகும் என்று படம் வரைந்து காட்டியவனும் நீதான். அந்தக் கணக்குப்படி நீ போவதற்குள் ஆஸ்திரேலியாக்காரர்கள் எல்லோருக்கும் பல் விழுந்து முளைத்திருக்கும்.

இந்த அழைப்பு சும்மா வரவில்லை தம்பி. நீ அதற்காகப் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அந்த ரப்பர் தலையை மறந்துவிட்டாயா? எழுத்துப் பரீட்சை முடிந்து, கைவேலைப் பரீட்சைக்குப் பழக வேண்டும் என்று வாயைப் பிளந்த ஒரு தலையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் திருகி வைத்தாய். எந்தப் பக்கம் போனாலும் அது என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். சாயங்காலம் ஆனால் ஒரு துண்டை எடுத்து மூடிவிடுவேன். கேபிள் டி.வி.க்காரர் காசு வாங்க வந்தவர் துண்டு விலகியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஐயோ, யாருக்கு என்னாச்சும்மா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். ஒருநாள் வீட்டைப் பெருக்கும்போது முறத்தில் ஒரு பல் வந்து விழுந்தது. என் பல்தான் விழுந்துவிட்டதோ என்று நாக்கை விட்டு எல்லாப் பக்கமும் துழாவிப் பார்த்தேன். அது மாப்பிள்ளையின் பிளாஸ்டிக் பல். அவ்வளவு பல்லையும் குடைந்து, அடைத்து, மறுபடி குடைந்து பழகி, மெல்போர்ன் வரை போய்ப் பரீட்சை எழுதி ஜெயித்து வந்தாய். கடைசியில் இங்கிலீஷில்தான் மாட்டிக்கொண்டாய். அதுவும் எழுதுவதில் இல்லை, படிப்பதில் இல்லை, பேசுவதில்.

ஏன் என்று நான் விடாமல் துருவியபோது வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாய். ஆன்லைனில் சொல்லிக்கொடுத்த டீச்சர், "நீங்க பேஷண்ட்டை விசாரிக்கலை டாக்டர், திட்டறீங்க" என்று சொன்னாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் உன்னோடு சேர்ந்து வீட்டுக்கு வரலாம் என்று சிதம்பரத்தில் உன் க்ளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவர் புவனகிரிப் பக்கத்து ஆள். உன் குரல் தெருவரைக்கும் கேட்டது. "எத்தன தடவ சொல்றது? பொகயிலையை வாயில அடக்கிக்கிட்டே இருந்தா எங்கிட்ட எதுக்கு வர்றீங்க? ஏன் இவ்ளோ நாளு வரல?" எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் வெளியே வந்து தன் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "கோவக்காரரு. ஆனா நல்ல டாக்டரு. நம்ம மேல அக்கற இல்லன்னா திட்டுவாரா?" நம் ஊரில் அது செல்லும். அங்கே பரீட்சை வைக்கிறவர்களுக்கு உன் கோபத்துக்குள் இருக்கிற அக்கறை தெரியவில்லை, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

அதற்கு அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் பேஷண்ட் ஆனேன். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்து, கையில் ஒரு அட்டையைக் கொடுப்பாய். அதில் நான் யார், எனக்கு என்ன கோளாறு, எதற்குப் பயப்படுகிறேன் என்று எழுதியிருக்கும். நீ டாக்டர். சத்தியமாகச் சொல்கிறேன், வேலையில் இருந்து ஓய்வு பெற்றதற்கு அப்புறம் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த ஞாயிறுகளில்தான். முதல் நாள் நடந்தது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"குட் மார்னிங். ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ டுடே?"

"பல்லு வலிக்குது டாக்டரு."

"அம்மா, இங்கிலீஷ்ல."

"டூத் பெயின்."

"வென் டிட் இட் ஸ்டார்ட்?"

"எங்க நாத்தனார் பொண்ணு வளைகாப்புக்குப் போயிருந்தேன் பாருங்க, அதுக்கு மறுநாள்லேர்ந்துதான்."

நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டாய். "அங்கெல்லாம் யாரும் இப்புடிச் சொல்ல மாட்டாங்கம்மா" என்றாய். உனக்கு எப்படித் தெரியும்? அங்கே இருப்பவர்களுக்கும் ஏதாவது ஒரு விசேஷத்துக்குப் போய்வந்த மறுநாள்தானே வலி வரும். தேதி போட்டுக்கொண்டு யாருக்கும் பல் வலிப்பதில்லை. இதை நீ அங்கே போனதும் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம் வலியை எத்தனை விதமாகச் சொல்வது என்று பழகினோம். விண்ணு விண்ணு என்று தெறித்தால் ஒரு சொல், சுருக்கென்று குத்தினால் ஒரு சொல், கடுத்தால் ஒரு சொல். நான் தமிழில் சொல்லச் சொல்ல நீ இங்கிலீஷில் சொல்வாய். கூசுது என்றேன், சென்சிட்டிவ் என்றாய். எனக்கு அது போதவில்லை. நாம் ஐஸ் தண்ணி பட்ட பல்லுக்கும் கூச்சம் என்கிறோம், புதுமனிதர்கள் முன்னால் நிற்கிற பெண்ணுக்கும் கூச்சம் என்கிறோம், வெயிலில் கண்ணும் கூசுகிறது, அக்குளில் தொட்டாலும் கூசுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? நீ, "அம்மா, பரீட்சைக்கு இது வேணாம்" என்றாய். எனக்கு வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் உன்னிடம் இங்கிலீஷ் இல்லை. "ஒரு மாதிரியா இருக்கு." உன் க்ளினிக்கில் எல்லோரும் அதிகமாகச் சொல்வதே இதுதான் என்றாய். அதைக் கேட்டால் உனக்குக் கோபம்தான் வருமாம், என்ன மாதிரி என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று. டீச்சரிடம் கேட்டுவிட்டு வந்து, அதை மொழிபெயர்க்க வேண்டாமாம், அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று பேஷண்ட்டிடமே கேட்க வேண்டுமாம் என்றாய். குரலை மெதுவாக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "குட் யூ டெல் மீ எ லிட்டில் மோர்?" என்று என்னிடம் கேட்டுப் பார்த்தாய். நம் வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டு நான் கண்டதில்லை. ஒரு மாதிரியா இருக்கு என்றால் உன் அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு சோடா வாங்கி வந்து கொடுப்பார், அல்லது படுத்துத் தூங்கு என்பார். நல்ல மனிதர்தான். இன்னும் கொஞ்சம் சொல் என்று கேட்கத் தெரியாது, அவ்வளவுதான்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு நீ கொடுத்த அட்டையில், தனியாக இருக்கும் வயதான அம்மா, ஒரு பல்லை எடுக்க வேண்டும், தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறார் என்று இருந்தது. வேண்டுமென்றே எடுத்தாயா, தானாக வந்ததா தெரியவில்லை. நீ எல்லாவற்றையும் அழகாகக் கேட்டுக்கொண்டு வந்து, கடைசியில், "இஸ் தேர் எனிதிங் வொரியிங் யூ?" என்றாய். எனக்கு அட்டையில் இருந்த பதில் மறந்து போனது. "ஒரு மாதிரியா இருக்கு தம்பி" என்று தமிழில் சொல்லிவிட்டேன். நீ இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அத்தனை வாரமாக அதைத்தான் பழகினாய். கேட்கவில்லை. "அது கார்டுல இல்லம்மா" என்றாய். அப்புறம் எழுந்துபோய்த் தண்ணி குடித்தாய். பரீட்சையில் தேறிவிட்டாய், அழைப்பும் வந்துவிட்டது, நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. இப்போது நீ கேட்காமலே சொல்கிறேன்.

நீ போனால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து வருகிற பஸ் சத்தம் எனக்குத் தெரியும், நீ இறங்கி நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும் என்றும் தெரியும். அந்த நேரத்தில் அடுப்பில் தோசைக்கல் இருக்கும். அது இல்லாமல் போகும். இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. நீ பல்லைத் தள்ளிப் போட்டபோது எனக்கும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. வலிக்குதா என்று நீ கேட்கும்போது ஜாஸ்தி இல்லை என்று சொல்லிவிட்டு, நீ போனதும் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தச் சொத்தைப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டு இருந்தோம்.

ஆனால் அந்தக் கஷ்டத்தைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. நீ எனக்காகத் தங்கிவிட்டால் என்ன ஆகும்? ஊரே உன்னை மெச்சும். அம்மாவுக்காக வெளிநாட்டையே வேண்டாம் என்று சொன்ன பிள்ளை என்று உன் மாமா கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு சொல்லிக்கொண்டு திரிவார். உனக்குத் தலை நரைக்கும். ஒருநாள் சாப்பிடும்போது ஏதோ ஒரு அலுப்பில் என்னைப் பார்ப்பாய். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாய், அப்படிப்பட்ட பிள்ளை இல்லை நீ. ஆனால் அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது.

நீ ஏன் போகிறாய் என்று நான் கேட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டருக்குள் உட்கார்ந்து, எங்கே போகணும், எத்தனை பேர் என்று மட்டும் கேட்டே என் உத்தியோக காலம் முழுவதும் போய்விட்டது. ஏன் போகிறீர்கள் என்று கேட்க வாய் துறுதுறுக்கும். வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். அந்தக் குறையை உன்னிடம்தான் தீர்த்துக்கொண்டேன். சம்பளம் என்று சொல்லுவாய் என்று நினைத்தேன். நீ, "பல்லைக் காப்பாத்தப் படிச்சிட்டு தினமும் புடுங்கிக்கிட்டு இருக்கேன்மா. வேர் சிகிச்சை பண்ணலாம்னா, அதெல்லாம் வேணாம் டாக்டர், புடுங்கிவுட்ருங்க, அதான் சீக்கிரம்னு சொல்றாங்க. ஒருத்தருக்கு ஒரு மணி நேரம் உக்காந்து ஒழுங்கா வேலை செய்யணும்னு ஆசையா இருக்கு" என்றாய். அதைச் சொல்லும்போது உன் கை தானாகக் கருவியைப் பிடிக்கிற மாதிரி மடங்கியது. ஆசை என்றால் அதுதான். அங்கேயும் புடுங்கிவிடுங்கள் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பல்லுக்குச் செலவழிக்க எந்த ஊர்க்காரருக்கும் மனசு வராது. ஆனாலும் நீ போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. "நீயும் வந்துடும்மா, உன்னைத் தனியா வுட்டுட்டு எப்படிப் போறது?" என்று அப்பா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாய். நான் பதில் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். பதில் இதுதான். பார்க்க வருவேன். தங்க வர மாட்டேன். ரயில்வேயில் இருந்ததற்கு எனக்குப் பாஸ் தருகிறார்கள். வேலையில் இருந்தபோது நான் டிக்கெட் கொடுத்து அனுப்பிய ஊர்களையெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். குண்டக்கல்லில் இறங்கி அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை, வெயில்தான். ஆனாலும் பார்த்தாகிவிட்டது. இன்னும் எத்தனையோ ஊர் பாக்கி இருக்கிறது. மெல்போர்னில் உன் வீட்டுக்குள் உட்கார்ந்து நீ எப்போது வருவாய் என்று கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கு எனக்கு நேரமில்லை. நான் தனியாக விடப்பட்டவள் என்று உனக்கு யார் சொன்னது?

சரி, இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். க்ளினிக்கில் பெயரைக் கொடுத்ததும் அங்கே இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "கூட யாரும்மா வந்துருக்குறாங்க?" நம் ஊரில் பேஷண்ட்டிடம் யார் பேசுகிறார்கள்? வியாதி நமக்கு, விவரமெல்லாம் கூட வந்தவருக்கு. நீ பிறந்தபோதுகூட டாக்டரம்மா எனக்கு என்ன ஆயிற்று என்பதை வெளியே நின்ற உன் அப்பாவிடம்தான் சொன்னார். உன் அப்பா போனதற்கு அப்புறம் உன்னிடம் சொன்னார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருப்பேன். இன்றைக்கு, "யாரும் வரல" என்றேன். "அப்ப ஊட்ல யாருக்காச்சும் போன் பண்ணுங்கம்மா, அவுங்க வந்தப்புறம் எடுக்கலாம்" என்றாள். போன் செய்தால் நீ பேஷண்ட்டையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருப்பாய். பிடுங்கவும் விட்டிருக்க மாட்டாய். முடியாது என்றேன். சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்தார்.

"பசங்க யாரும் இல்லையாம்மா?"

"ஒரு பையன் இருக்குறான். பல் டாக்டரு."

அந்த டாக்டர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பையன் பல் டாக்டரா? அப்புறம் ஏம்மா இங்க வந்தீங்க?"

"ஊர்ல இருக்குற எல்லாரு பல்லையும் புடுங்குறான். என் வாயில கை வெக்க மட்டும் அவனுக்கு மனசு வரல."

 டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, "சரிம்மா, உங்ககிட்டயே சொல்றேன்" என்றார். பிரஷர் எவ்வளவு இருக்கிறது, ஊசி எங்கே போடுவார், எங்கே மரக்கும், எப்போது அழுத்துகிற மாதிரி தெரியும், அப்புறம் என்ன சாப்பிடலாம் என்று எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார். நான் கேள்வி கேட்டேன், பதில் சொன்னார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று ஒரு திட்டும் திட்டினார், அதையும் வாங்கிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் வாங்கிய டிக்கெட்டில் நானே போகிற மாதிரி ஒரு நிதானம் வந்தது. பல் வரும்போது வலி தெரியவில்லை, தலைக்குள் மரம் முறிகிற மாதிரி சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் ஏன் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று எழுந்ததும் கேட்கப் பார்த்தேன், பஞ்சை வைத்துவிட்டார்.

ஆட்டோவில் வரும்போதுதான் அழுதேன். வாயில் பாதி மரத்துப் போயிருந்தது, வலியே இல்லை. "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று ஆட்டோக்காரர் பாவம் வண்டியை மெதுவாக ஓட்டினார். கம்மியம்பேட்டைப் பாலம் வரும்போது எனக்குத் திடீரென்று உறைத்தது. உன்னை இங்கே நிறுத்தி வைத்திருந்தது இந்தப் பல் ஒன்றுதான். அதை நானே போய்ப் பிடுங்கிவிட்டு, கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். இனிமேல் நீ போகாமல் இருப்பதற்கு உன்னிடமும் சாக்கு இல்லை, என்னிடமும் இல்லை. வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, டாக்டர் சொன்னபடி ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். அழுதேன் என்பதற்காக நீ மனசை மாற்றிக்கொள்ளாதே. அழுகையும் வரட்டும், நீயும் போ.

புது ஊரில் உனக்கும் சில நாள் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அப்போது போனில் நல்லா இருக்கேன்மா என்று என்னிடம் சொல்லாதே. எப்படி இருக்கிறதோ அப்படியே சொல். நான் சோடா வாங்கிக் குடி என்று சொல்ல மாட்டேன், இன்னும் கொஞ்சம் சொல் என்று கேட்பேன். அங்கே தனியாக வருகிற வயதான அம்மாக்களிடம் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்காதே. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர்களிடமே சொல்.

நாளைக்குக் காலையில் இருந்து எனக்குப் பேச அனுமதி உண்டு. இதைப் படித்ததும் உடனே கூப்பிட்டுக் கத்தத் தோன்றும். முதலில் அந்த விண்ணப்பத்தை அனுப்பு. அனுப்பிவிட்டுக் கூப்பிடு. அனுப்பாமல் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன். எடுக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேனே தவிர, மணி அடித்தால் எடுத்துவிடுவேன், உன் குரலைக் கேட்டால் இருந்துவிடு என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், தம்பி. அனுப்பிவிட்டுக் கூப்பிடு.

அம்மா